டிராகுலாவை இரண்டாம் முறை படிக்க: பதிப்பு, தேதி, காகிதக் கட்டு பற்றிய ஒரு வழிகாட்டி

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை படித்துவிட்டு, கார்பாத்திய மலைக் கோட்டையையும் அங்கிருந்த மூன்று பெண்களையும் மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் அதை மீண்டும் கையிலெடுத்தால், முதல் நான்கு அத்தியாயங்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பதினான்காம் அத்தியாயத்தை ஒட்டி எங்கேயாவது நின்றுவிடுவது வழக்கம். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. யார் சாவார், யார் பிழைப்பார் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது, டிராகுலாவை வேட்டையாட வழிநடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் நீண்ட பேச்சுகளை எதற்காகப் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்ற அலுப்பு வந்துவிடுகிறது.

அந்த அலுப்பைத் தாண்டி நாவலை முடிக்க எனக்கு உதவிய வழி ஒன்றுதான்: கதையைத் தொடராமல் காகிதங்களைத் தொடர்வது. இந்நாவலில் தனியாக ஒரு கதைசொல்லி கிடையாது. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், நாளிதழ்த் துண்டுகள், ஒரு கப்பலின் பதிவேடு, சரக்கு நிறுவனங்களின் கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி குறித்து அடுக்கிய ஒரு கட்டு அது. எந்தக் காகிதத்தை யார் எப்போது படித்தார்கள், எது போய்ச் சேரவில்லை, எது பூட்டியே கிடந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், முடிவு தெரிந்த பிறகும் பயம் குறைவதில்லை, சொல்லப்போனால் கூடுகிறது. கீழே உள்ளவை ஏற்கெனவே ஒருமுறை படித்தவர்களுக்காக எழுதியவை. முடிவும் இடையிடையே பேசப்படுகிறது.

1. கையிலிருப்பது முழுப் பதிப்புதானா என்று பாருங்கள்

நாவல் 1897 மே மாதம் லண்டனில் ஆறு ஷில்லிங் விலையில் வெளிவந்தது. 1901இல் அதே பதிப்பகம் ஆறு பென்ஸுக்கு ஒரு மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்தபோது, நாவலைச் சுருக்கியே அச்சிட்டது. அதன் பிறகு மாணவர் பதிப்பு, சிறுவர் பதிப்பு, மறுகூறல் என்று பல வடிவங்கள் 'டிராகுலா' என்ற ஒரே பெயரில் புழங்குகின்றன. அட்டையைப் பார்த்து மட்டும் வாங்கினால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

வாங்கும்முன் இவற்றைப் பாருங்கள். மொத்தம் 27 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். முதல் அத்தியாயத்துக்கு முன், காகிதங்கள் எப்படி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன என்பதைச் சொல்லும், கையெழுத்தில்லாத ஒரு சிறு பத்தி இருக்க வேண்டும். முதல் பதிவு மே 3, பிஸ்ட்ரிட்ஸ் என்று தொடங்க வேண்டும். கடைசியில், டிராகுலாவின் கோட்டையில் அடைபட்டுத் தப்பிய இளம் வழக்கறிஞன் ஜொனாதன் ஹார்க்கர் ஏழு ஆண்டுகள் கழித்து எழுதும் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இவை நான்கும் இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டி, விட்பி வழக்கறிஞர் நிறுவனம் லண்டன் சரக்கு நிறுவனத்துக்கு எழுதிய கடிதமும் அதற்கான பதிலும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கதைக்கு அவசியமற்றவை போலத் தோன்றுவதால், சுருக்குகிற எவருக்கும் முதலில் கத்தரி வைக்கத் தோன்றும் பக்கங்கள் அவை. தமிழ் மொழிபெயர்ப்பில் படிப்பதானாலும் இதே சோதனைதான்.

இன்னொரு பொறி 1901இல் ஐஸ்லாந்தில் வெளிவந்த வடிவம். அதை 2017இல் ஆங்கிலத்துக்கு மீண்டும் மொழிபெயர்த்து நூலாக வெளியிட்டார்கள். மொழிபெயர்ப்பு என்ற பெயரில் தொடங்கி ஏறக்குறைய வேறொரு நாவலாகவே மாறிப்போன பிரதி அது. சுவையானதுதான்; ஆனால் மறுவாசிப்புக்கு அதைக் கையிலெடுத்தால் நினைவிலிருக்கும் கதையோடு எதுவும் பொருந்தாது. மூலத்தை முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

2. செலவு எவ்வளவு, நேரம் எவ்வளவு

ஸ்டோக்கர் 1912இல் காலமானார். நாவலின் காப்புரிமை முடிந்து பல காலம் ஆகிவிட்டது. ஆகவே முழுப் பிரதியைச் சட்டப்படி இலவசமாகவே பெறலாம். குட்டன்பர்க் திட்டத்தின் மின்னூல் வரிசையில் 345ஆம் எண்ணில் அது இருக்கிறது. தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூலை லிப்ரிவாக்ஸில் இலவசமாகக் கேட்கலாம். இலவசமாகக் கிடைப்பதையே மின்புத்தகக் கடைகளில் புது அட்டையுடன் பலர் விற்கிறார்கள். முன்னுரையோ குறிப்புகளோ இல்லாத மின்பிரதிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பணம் செலவிடுவதானால் குறிப்புரையுள்ள பதிப்புக்குச் செலவிடுங்கள். பெங்குவின் செவ்வியல் வரிசை, ஆக்ஸ்ஃபோர்ட் உலகச் செவ்வியல் வரிசை ஆகிய இரண்டும் கைக்கு அடக்கமானவை. அளவான குறிப்புகள் கொண்டவை. நார்ட்டன் பதிப்பில் நாவலோடு விமர்சனக் கட்டுரைகளும் சேர்ந்திருக்கும். லியனார்ட் வுல்ஃப் 1975இலும் லெஸ்லி கிளிங்கர் 2008இலும் வெளியிட்ட பெரிய குறிப்புரைப் பதிப்புகளை மேசையில் விரித்து வைத்துத்தான் படிக்க முடியும். படுக்கையில் படிப்பவர்களுக்கு அவை உதவா. என்னுடைய பரிந்துரை, ஓட்டமாகப் படிக்க இலவச மின்பிரதி ஒன்று, சந்தேகம் வரும்போது புரட்டக் குறிப்புரைப் பதிப்பு ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தால் டிராகுலாவை இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் டிமீட்டர் கப்பல் கரைக்கு வந்து சேரவே சேராது.

நாவலில் சுமார் 1,60,000 சொற்கள் உள்ளன. நிமிடத்துக்கு 200 சொற்கள் படிப்பவருக்கு 13 முதல் 14 மணி நேரம் ஆகும். தொடர்ந்து படித்தால் இரண்டு வாரத்தில் சிரமமின்றி முடிக்கலாம். நாவலின் தேதிகளை ஒட்டியே படிப்பதானால் மே 3 முதல் நவம்பர் 6 வரை, ஆறு மாதத்துக்குச் சற்று மேல் தேவைப்படும். எந்த வழியில் போவது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

3. அச்சு வரிசையா, தேதி வரிசையா?

ஸ்டோக்கர் காகிதங்களைக் கண்டிப்பான தேதி வரிசையில் அடுக்கவில்லை. முதல் நான்கு அத்தியாயங்கள் ஹார்க்கரின் நாட்குறிப்போடு ஜூன் 30 வரை ஓடுகின்றன. ஐந்தாம் அத்தியாயம் மே 9ஆம் தேதிக்குப் பின்வாங்கி, ஹார்க்கரை மணக்கவிருக்கும் மினா தன் தோழி லூசிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்குகிறது. முதல் முறை படிப்பவருக்கு இந்த வரிசைதான் ஏற்றது. ஹார்க்கர் சுவரில் இறங்கித் தப்பப் போகிறேன் என்று எழுதிவிட்டு மறைந்ததும், அவன் என்ன ஆனான் என்று தெரியாமலே இங்கிலாந்துத் தோழிகளின் அரட்டையைக் கேட்க வேண்டியிருக்கும் அந்தத் தவிப்பு அச்சு வரிசையில்தான் கிடைக்கும்.

இரண்டாம் முறைக்குத் தேதி வரிசையைப் பரிந்துரைக்கிறேன். மே 19 அன்று டிராகுலா, ஹார்க்கரை மூன்று கடிதங்கள் எழுத வைக்கிறான்: வேலை முடியப் போகிறது என்று ஒன்று, மறுநாள் காலை புறப்படுகிறேன் என்று ஒன்று, கோட்டையை விட்டு பிஸ்ட்ரிட்ஸ் வந்துவிட்டேன் என்று ஒன்று. அவற்றில் ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29 என்று முன்கூட்டியே தேதியிடச் சொல்கிறான். தன் ஆயுளின் எல்லை எதுவென்று ஹார்க்கருக்கு அப்போதே புரிந்துவிடுகிறது. ஐந்து நாள் கழித்து, மே 24 அன்று, ஒரே நாளில் மூன்று பேர் தன்னை மணக்கக் கேட்டார்கள் என்று லூசி பூரித்துப்போய் எழுதுகிறாள். மே 28 அன்று ஹார்க்கர் ஜிப்சிகளிடம் கொடுத்தனுப்ப முயன்ற சுருக்கெழுத்துக் கடிதத்தை டிராகுலா விளக்கில் பிடித்து எரிக்கிறான். அச்சு வரிசையில் அத்தியாயக் கணக்கில் தள்ளிக் கிடக்கும் இந்தப் பக்கங்கள் தேதி வரிசையில் பத்து நாட்களுக்குள் வந்து விழுகின்றன. பிறகு ஜூலை 26 அன்று, ஜொனாதனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருக்கிறது, இப்போதுதான் புறப்படுகிறானாம், அது அவன் எழுதுகிற மாதிரியே இல்லை என்று மினா குறைப்படுகிறாள். அந்த வரி எந்த அறையில், யார் சொல்ல எழுதப்பட்டது என்பது இரண்டு மாதமாக உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

தேதி வரிசையில் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்.

டிமீட்டர் கப்பலின் பதிவேட்டைத் தேதி வரிசைக்குள் பிரித்துப் போடாதீர்கள். அதன் பதிவுகள் ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 4 வரை போகின்றன. ஆனால் அந்தப் பதிவேடு ஆகஸ்ட் மாதப் புயலில் கப்பல் விட்பித் துறைமுகத்துக்குள் வந்து மோதிய பிறகுதான், சக்கரத்தில் கட்டுண்டு இறந்து கிடந்த தலைவனிடமிருந்து கிடைக்கிறது. ரஷ்ய மொழியிலிருந்து பெயர்த்துச் சொல்லப்பட்டதை ஒரு செய்தியாளர் எழுதிக்கொள்ள, அச்செய்தித் துண்டை மினா தன் நாட்குறிப்பில் ஒட்டுகிறாள். முன்னதாகவே பிரித்துப் படித்தால், ஆளில்லாத கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் காட்சியின் புதிர் செத்துவிடும். எழுதப்பட்ட தேதியைவிடக் கண்டெடுக்கப்பட்ட தேதியே இங்கு முக்கியம்.

லூசியை மணக்கக் கேட்ட மூவரில் ஒருவரும் மனநல மருத்துவமனை நடத்துபவருமான டாக்டர் சீவர்டின் முதல் பதிவு சில பதிப்புகளில் ஏப்ரல் 25 என்றும் சிலவற்றில் மே 25 என்றும் இருக்கும். லூசி தன்னை மறுத்ததைப் பற்றி அவர் அதில் புலம்புவதால், அது மே 24க்குப் பின்னால்தான் வர முடியும். மே என்று வைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். லூசியின் முதல் கடிதத்தில் புதன்கிழமை என்று மட்டுமே இருக்கும். மினாவின் மே 9 கடிதத்துக்கு அடுத்து வையுங்கள்.

நாள்தோறும் சம அளவில் பக்கங்கள் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜூலை தொடக்கத்தில் சீவர்டின் சில வரிகளைத் தவிர எதுவும் இராது. செப்டம்பர் 29, 30 தேதிகளிலும் அக்டோபர் 3 அன்றும் பக்கங்கள் குவிந்து கிடக்கும். அக்டோபர் 3 மட்டுமே ஏறக்குறைய மூன்று அத்தியாயங்களை அடைத்துக்கொள்கிறது. அந்த நாட்கள் வேலை நாட்களாக அமைந்தால் முந்தைய வார இறுதியிலேயே படித்துவிடுவது நல்லது.

4. காகிதப் பட்டியல் ஒன்று எழுதுங்கள்

மொத்த முறையும் இந்தப் படியில்தான் தங்கியிருக்கிறது. வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, எழுதியவர், எதில் எழுதப்பட்டது, யாருக்காக, உண்மையில் யார் எப்போது படித்தார். முதல் மூன்றும் அந்தந்தப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். ஐந்தாம் பத்தியை நிரப்பச் சில சமயம் இருபது பக்கம் காத்திருக்க வேண்டும். சிலவற்றை நிரப்பவே முடியாது. நிரம்பாத அந்தக் கட்டங்களைத்தான் தேடுகிறோம்.

எதில் எழுதப்பட்டது என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். ஹார்க்கரும் மினாவும் சுருக்கெழுத்தில் எழுதுகிறார்கள். டிராகுலாவால் படிக்க முடியாத எழுத்து அது, அவன் மே 28 கடிதத்தை ஆத்திரத்தோடு எரித்ததற்குக் காரணமும் அதுதான். சீவர்ட் மெழுகு உருளைகளில் ஃபோனோகிராஃபில் பேசிப் பதிகிறார். மாதக்கணக்கில் பேசிவிட்டு, குறிப்பிட்ட ஒரு பகுதி வேண்டுமென்றால் எப்படித் தேடி எடுப்பது என்று தெரியாமல் விழிக்கிறார். மினா அவற்றையெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்து பிரதியெடுக்கும் வரையில், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்தில் மிகவும் பயனுள்ள வேலையைச் செய்தவர் யார் என்று கேட்டால், வான் ஹெல்சிங்கின் பெயரைவிட மினாவின் பெயரையே நான் சொல்வேன்.

ஐந்தாம் பத்தியில் கட்டாயம் குறிக்க வேண்டிய சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது ஹார்க்கரின் கோட்டை நாட்குறிப்பு. புத்தபெஸ்ட் மருத்துவமனையில் மூளைக்காய்ச்சலோடு கிடந்த அவனைத் தேடிச் சென்று மணந்துகொள்ளும் மினா, அந்த நோட்டைப் படிக்காமலே காகிதத்தில் சுற்றி, கழுத்திலிருந்த நீல ரிப்பனால் கட்டி, அரக்கு வைத்து, திருமண மோதிரத்தால் முத்திரையிடுகிறாள். ஆகஸ்ட் 24 தேதியிட்ட கடிதத்தில் இதை லூசிக்கே பெருமையோடு எழுதுகிறாள். அதே தேதியில் லூசியின் உடல்நிலை மீண்டும் மோசமாகத் தொடங்கியிருப்பதை அவளுடைய சொந்த நாட்குறிப்பு காட்டுகிறது. லூசியைக் காப்பாற்றக்கூடிய தகவல் முழுவதும் அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. மினா அதைத் திறப்பது செப்டம்பர் 23 அன்று. லூசி இறந்தது செப்டம்பர் 20. கணவன்மேல் வைத்த நம்பிக்கைக்கு அடையாளமாக அவள் போட்ட முத்திரை அது என்பதால், யாரைக் குறை சொல்வது என்றே தெரிவதில்லை. முதல் வாசிப்பில் இந்த இடம் அழகான காதல் காட்சியாக மட்டுமே எனக்குப் பட்டிருந்தது.

இரண்டாவது செப்டம்பர் 17 தந்தி. இன்றிரவு லூசியின் வீட்டில் இருக்கத் தவறாதே என்று ஆண்ட்வெர்ப்பிலிருந்து வான் ஹெல்சிங் சீவர்டுக்குத் தந்தி அடிக்கிறார். சீவர்டின் மருத்துவமனையை ஒட்டி டிராகுலா வாங்கிய வீட்டின் பெயர் கார்ஃபாக்ஸ்; முகவரியில் அந்தப் பெயர் மட்டும் இருந்து மாவட்டத்தின் பெயர் இல்லாததால் தந்தி சசெக்ஸிலுள்ள வேறொரு கார்ஃபாக்ஸுக்குப் போய், 22 மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. காவல் இல்லாத அந்த ஒரே இரவில் ஓநாய் ஜன்னலை உடைக்கிறது, லூசியின் தாய் இறக்கிறாள், லூசி மீளமுடியாத நிலைக்குப் போகிறாள். தாமத விவரம் தந்தியின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் ஒரே வரியாக இருக்கும். வேகமாகப் படித்தால் கண்ணிலேயே படாது.

மூன்றாவது, அதே செப்டம்பர் 17, 18 தேதிகளில் மினா லூசிக்கு எழுதிய இரண்டு கடிதங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும், லூசியால் பிரிக்கப்படாதது என்ற குறிப்பு இருக்கும். உள்ளே புது வீட்டையும் கணவனையும் பற்றிய செய்திகளும், லூசியின் திருமணம் பற்றிய விசாரிப்பும் இருக்கும்.

டிராகுலாவின் சொந்தக் காகிதம் இந்தக் கட்டில் எத்தனை என்றும் பட்டியலில் எண்ணிப் பாருங்கள். பிஸ்ட்ரிட்ஸ் விடுதியில் ஹார்க்கருக்காகக் காத்திருக்கும் சிறிய வரவேற்புக் கடிதம் ஒன்றுதான் முழுமையாகத் தரப்பட்டிருக்கிறது. அதையும் ஹார்க்கர் படியெடுத்துத்தான் பார்க்கிறோம். மற்றபடி அவன் பேசியவை எல்லாம் அவனை அழிக்க விரும்புகிறவர்கள் எழுதிவைத்தவை. அவனும் காகிதத்தின் வலிமையை அறிந்தவன்தான். மே 31 அன்று ஹார்க்கரின் பெட்டியிலிருந்து ரயில் குறிப்புகள், பணக் கடிதம் உட்பட ஒவ்வொரு தாளும் மறைந்துவிடுகிறது. அக்டோபர் 3 அதிகாலையில் அவன் சீவர்டின் அறைக்குள் புகுந்து கையெழுத்துப் பிரதிகளையும் மெழுகு உருளைகளையும் தீயில் போடுகிறான். பெட்டகத்தில் இன்னொரு தட்டச்சுப் பிரதி இருந்ததால்தான் நாம் படிக்க நாவலே எஞ்சுகிறது.

5. திரைப்படங்களை ஒதுக்கி வையுங்கள்

மறுவாசிப்பைக் குழப்புவது மறதியைவிட, படங்களில் பார்த்ததை நாவலில் படித்ததாக நம்புவதுதான். சூரிய ஒளி பட்டால் டிராகுலா சாவதில்லை. அந்த முடிவு 1922இல் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப்படத்தின் வழியே பரவியது. நாவலில் அவன் பகலில் நடமாடுகிறான். செப்டம்பர் 22 அன்று லண்டன் பிக்காடில்லியில், ஒரு கடைக்கு வெளியே வண்டியில் அமர்ந்திருக்கும் அழகிய பெண்ணை உற்றுப் பார்த்தபடி நிற்கும் அவனை ஹார்க்கர் பட்டப்பகலில் பார்த்து நடுங்குகிறான். பகலில் அவனுடைய ஆற்றல்கள் கட்டுப்படும், நினைத்தபோது உருமாற முடியாது, அவ்வளவுதான்.

மரமுளையும் அப்படியே. முளை லூசிக்கு அடிக்கப்படுகிறது. டிராகுலாவை முடிப்பவை இரண்டு கத்திகள்: ஹார்க்கரின் குக்ரி கழுத்தை அறுக்கிறது, லூசியை மணக்கக் கேட்ட இன்னொருவனான குவின்சி மோரிஸின் போவி கத்தி நெஞ்சில் பாய்கிறது. அவனுடைய தோற்றத்தையும் இரண்டாம் அத்தியாயத்தில் கவனமாகப் படியுங்கள். நீண்ட வெள்ளை மீசை, அடர்ந்த புருவம், உள்ளங்கையில் மயிர் கொண்ட கிழவன் அவன். இரத்தம் குடிக்கக் குடிக்க இளமையடைகிறான். மினாவுக்கும் அவனுக்கும் இடையே முற்பிறவிக் காதல் எதுவும் நாவலில் கிடையாது. கோட்டைக்கு முதலில் போனவன் சீவர்டின் நோயாளியான ரென்ஃபீல்டும் அல்லன்.

6. பழைய ஊர்ப்பெயர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு

பிஸ்ட்ரிட்ஸ் இன்று ருமேனியாவிலுள்ள பிஸ்ட்ரிட்சா. கிளாசன்பர்க் இன்றைய க்ளூஜ்-நபோக்கா. கலாட்ஸ் டான்யூப் கரையிலுள்ள கலாட்ஸி. வர்னா பல்கேரியாவில் அதே பெயரில் இருக்கிறது. இவற்றை ஒரு சீட்டில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொண்டால் கடைசி மூன்று அத்தியாயங்களில் தடுமாற மாட்டீர்கள். விட்பி வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள உண்மையான கடற்கரை ஊர். மடத்தின் இடிபாடும், தேவாலயத்துக்கு ஏறும் 199 படிகளும் இன்றும் இருக்கின்றன. ஸ்டோக்கர் 1890இல் அங்கே தங்கிக் குறிப்பெடுத்தார். டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை.

படித்த உற்சாகத்தில் ருமேனியாவுக்குப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிராகுலாவின் கோட்டை என்று பயணிகளுக்குக் காட்டப்படும் பிரான் கோட்டை தெற்கே பிராசோவ் அருகில் இருக்கிறது. நாவலின் கோட்டை வடக்கே போர்கோ கணவாய்ப் பக்கம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டமிடாதீர்கள்.

மே 4 அன்று விடுதிக்காரி, இன்று புனித ஜார்ஜ் நாளுக்கு முந்தைய இரவு என்று ஹார்க்கரை எச்சரிப்பதைப் படித்து, அந்தத் திருநாள் ஏப்ரல் 23 ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். பழைய ஜூலியன் நாட்காட்டி 19ஆம் நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியிருந்தது. கணக்கு சரியாகவே இருக்கிறது.

7. நடுவில் தேங்கினால் பெட்டிகளை எண்ணுங்கள்

பதினான்கிலிருந்து இருபது வரையிலான அத்தியாயங்களில்தான் பலர் நூலை மூடுகிறார்கள். டிராகுலா கண்ணில் படுவதில்லை. வான் ஹெல்சிங் உடைந்த ஆங்கிலத்தில் பக்கக்கணக்கில் பேசுகிறார். எல்லோரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சுகளை வாய்விட்டுப் படித்தால் ஓரளவு சகிக்கலாம், அல்லது இந்தப் பகுதிக்கு மட்டும் ஒலிநூலுக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டையும்விட நல்ல வழி கணக்கு வைப்பது.

டிராகுலா படுத்துக்கொள்வதற்காகத் தன் சொந்த மண்ணை நிரப்பி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பெட்டிகள் 50. விட்பியிலிருந்து ரயிலில் லண்டன் வந்த அவற்றைக் கார்ஃபாக்ஸில் கொண்டுசேர்க்க வழக்கறிஞர் நிறுவனம் பத்து பவுண்டு காசோலை அனுப்புகிறது. சரக்கு நிறுவனம் கூலி போக மீதமான 1 பவுண்டு 17 ஷில்லிங் 9 பென்ஸைத் திருப்பியனுப்புகிறது. ஓர் அரக்கனின் படையெடுப்பில் அந்தக் கடைசிக் கட்டப் போக்குவரத்துக்கு ஆன செலவு 8 பவுண்டு 2 ஷில்லிங் 3 பென்ஸ். எவரும் சட்டத்தை மீறவில்லை, ரசீதுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. நாவலிலேயே எனக்கு மிகவும் குளிர் ஏற்றிய பக்கம் அதுதான்.

அதன்பின் கார்ஃபாக்ஸில் போய்ப் பார்த்தால் 29 பெட்டிகளே இருக்கும். மீதி 21 எங்கே போயின என்பதை ஹார்க்கர் வண்டிக்காரர்களுக்குக் காசு கொடுத்து, அவர்களுடைய கிழிந்த நோட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறான். உங்கள் நோட்டிலும் குறித்து வாருங்கள்: மைல் எண்டில் ஆறு, பெர்மண்ட்ஸியில் ஆறு, பிக்காடில்லியில் ஒன்பது. அக்டோபர் 3 அன்று ஒரே பகலில் அவை அனைத்தையும் பயனற்றதாக்கக் கிளம்பும்போது பிக்காடில்லியில் எட்டுதான் இருக்கும். அந்த ஒரு பெட்டியைத் துரத்துவதே மீதி நாவல்.

8. கடைசிப் பகுதியைக் கால அட்டவணையோடு படியுங்கள்

அக்டோபர் 12 அன்று லண்டனை விட்டுக் கிளம்புபவர்கள் பாரிஸ் வழியாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலேறி 15ஆம் தேதி மாலை வர்னாவை அடைகிறார்கள். டிராகுலாவின் கடைசிப் பெட்டியோடு வரும் கப்பலுக்காக 28 வரை காத்திருக்கிறார்கள். கப்பல் டார்டனெல்ஸைத் தாண்டியதாக 24 அன்று லண்டனிலிருந்து தந்தி. 28 அன்று அது கலாட்ஸுக்குள் நுழைந்ததாக இன்னொரு தந்தி. அடுத்த ரயில் எப்போது என்று வான் ஹெல்சிங் கேட்டதும், நாளைக் காலை 6.30 என்று மினா சொல்லிவிடுகிறாள். கால அட்டவணை மனப்பாடம். அதுவரை தேதியை மட்டும் பார்த்து வந்தவர்கள் இங்கிருந்து மணியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 30 முதல் அவர்கள் மூன்றாகப் பிரிகிறார்கள்: ஹார்க்கரும் லூசியை மணக்கவிருந்த ஆர்தரும் நீராவிப் படகில் ஆற்று வழியே, சீவர்டும் குவின்சியும் குதிரையில் கரை வழியே, மினாவும் வான் ஹெல்சிங்கும் ரயிலிலும் வண்டியிலும். நான்கு பேரின் குறிப்புகள் மாறி மாறி வரும். ஒவ்வொரு தேதியிலும் யார் எங்கே என்று ஒரே வரியில் எழுதாவிட்டால், நவம்பர் 6 அந்தி வேளையில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து கூடுவது தற்செயல் போலத் தோன்றும். எழுதி வைத்திருந்தால், மினா ஆறுகளை ஒப்பிட்டு எழுதிய குறிப்பு எவ்வளவு துல்லியமானது என்பது விளங்கும்.

இறுதிக் குறிப்பில், கையிலிருக்கும் மொத்தக் கட்டில் அசல் என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் இல்லை, பிந்திய சில நோட்டுகளையும் வான் ஹெல்சிங்கின் குறிப்பையும் தவிர மற்றவை தட்டச்சுப் பிரதிகளே என்று ஹார்க்கர் ஒப்புக்கொள்கிறான். அந்த வரிக்கு வந்ததும் உங்கள் பட்டியலின் மூன்றாம் பத்திக்குத் திரும்பி, அக்டோபர் 3இல் எரிந்துபோனவற்றைக் கோடிட்டு அடித்துப் பாருங்கள்.

9. அதற்குப் பிறகு

'டிராகுலாவின் விருந்தாளி' என்ற சிறுகதையை ஸ்டோக்கரின் மனைவி 1914இல் வெளியிட்ட தொகுப்பில் காணலாம்; அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். நாவலுக்கு முன்னால் படித்தால் இரண்டும் ஒட்டாமல் உறுத்தும், பின்னால் வையுங்கள். ஸ்டோக்கரின் கையெழுத்துக் குறிப்புகள் ஃபிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் நகற்பதிப்பு 2008இல் நூலாக வந்தது. விலை அதிகம், பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். தேதிகளை அவரே நாட்காட்டி போட்டு அடுக்கிப் பார்த்த தாள்கள் அதில் இருக்கின்றன. உங்கள் பட்டியலை முடித்துவிட்டு அவற்றோடு ஒப்பிடுங்கள், முடிக்கும்முன் அல்ல.